தனிமைப்படுத்தலின் சட்ட வரலாறு: கோவா 1989 முதல் 2017 வரை

1989 பிப்ரவரி 14 அன்று வடக்குக் கோவாவின் பர்ரா கிராமத்திலிருந்த ஒரு வீட்டுக்குக் காவலர்கள் வந்து, டொமினிக் டிசோசா என்னும் இளைஞரை அழைத்துச் சென்றனர். அவர்மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. தொடர்ந்து இரத்ததானம் செய்துவந்தவர் அவர். கொடையாக அளித்த இரத்தத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருந்தது. அந்தத் தகவல் அவரை எட்டுமுன் காவல்துறையை எட்டிவிட்டது. மாப்சா மருத்துவமனைக்கும் அங்கிருந்து ஆல்டோனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காசநோய் விடுதிக்கும் அவர் கொண்டுசெல்லப்பட்டார். காவலுடன் அங்கே 64 நாள்கள் வைக்கப்பட்டிருந்தார்.

இந்நிகழ்வைச் சில அதிகாரிகளின் அத்துமீறல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது பிழை. காவலர்கள் சட்டப்படியே நடந்தனர். கோவா, டாமன், டையூ பொதுச் சுகாதாரச் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எச்.ஐ.வி. இருப்பதாகச் சோதனையில் தெரியவருபவரை அரசு தனிமைப்படுத்தியாக வேண்டும். எவ்வளவு காலம், எந்த நிபந்தனைகளின் கீழ் என்பதெல்லாம் அரசின் விருப்பம்.

அத்திருத்தம் அறியாமையில் பிறந்தது என்று சொல்லவும் வழியில்லை. பாரிஸிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1983-இலேயே இக்கிருமி பிரித்தறியப்பட்டுவிட்டது. உடலுறவு, இரத்தம், பகிர்ந்துகொள்ளப்படும் ஊசி, தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் மட்டுமே அது பரவுகிறது என்பதும், காற்றாலோ தொடுதலாலோ உணவைப் பகிர்வதாலோ பரவுவதில்லை என்பதும் 1980-களின் நடுப்பகுதிக்குள் மருத்துவ உலகில் நிலைபெற்றுவிட்டன. அவ்வாறாயின் தனி அறை எதைத் தடுக்கும்? தொற்றுக்கு ஆளானவர் அறிகுறி ஏதுமின்றிப் பல ஆண்டுகள் வாழ்வார். தொற்று நேர்ந்த முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. ஆகவே அன்றைய எலைசா சோதனை அவரைத் தொற்றில்லாதவர் என்றே காட்டும். ஒருவரை அடைத்துவைத்தால், சோதிக்கப்படாத பலர் தமக்கு ஆபத்தில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கும் சட்டத்துக்கு எதிராகவே இருந்தது. பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகத் தொற்றுள்ளவர் எனக் காட்டும் ஒரு சோதனையை அனைவருக்கும் செய்தால், ஏறத்தாழ நூறு பேர் பொய்யாக அகப்படுவர். உண்மையில் தொற்றுள்ளோரின் எண்ணிக்கையோ அதில் பத்தில் ஒரு பங்கே. உறுதிசெய்யும் இரண்டாம் சோதனை இல்லாத நிலையில், அத்தகைய முடிவைக்கொண்டு ஒருவரைச் சிறைவைப்பதன் பொருள் இதுதான். இன்னொரு முரணும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரை மிக எளிதில் தாக்கும் நோய்களில் காசநோய் முதன்மையானது. அரசு அவருக்குத் தேர்ந்தெடுத்த இடமோ பழைய காசநோய் விடுதி.

மருத்துவம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சட்டம் வேறு திசையில் சென்றதற்கான விளக்கத்தைக் காலனிய ஆவணங்களில்தான் தேட வேண்டும். 1868-இன் இந்தியத் தொற்றுநோய்கள் சட்டம், பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பதிவுசெய்து, சோதித்து, நோயுற்றவர்களைப் பூட்டிய மருத்துவமனைகளில் அடைக்க வழிசெய்தது. காக்கப்பட வேண்டியவர்களாகக் கருதப்பட்டோர் படைவீரர்கள், அவர்கள் பூட்டப்படவில்லை. பம்பாய்ப் பிளேக்கைத் தொடர்ந்து 1897-இல் கொள்ளைநோய்கள் சட்டம் வந்தது. மறு ஆண்டே தொழுநோயாளர் சட்டம் வந்தது. இந்தியாவில் தொழுநோய் பற்றி ஆராய்ந்த ஆணையம், தொற்றும் அபாயம் மிகச் சிறிது என்று 1890-களின் தொடக்கத்திலேயே கருதியிருந்தும், ஆதரவற்ற தொழுநோயாளரை அடைத்துவைக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் நீக்கப்பட்டது 2016-இல். கோவாச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பழைய அச்சிலேயே புதிய நோயின் பெயரை வார்த்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இதே அச்சு கோவாவுக்கு வெளியிலும் வேலை செய்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்னும் ஆய்வு மாணவி திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதியாயிற்று. அம்மாதிரிகளைத் தந்த பெண்கள் பாலியல் தொழில் காரணமாகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். அடுத்த ஆண்டுகளில், தொற்றுள்ள பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் விடுவிக்கப்படாத நிலை தமிழ்நாட்டில் இருந்தது. பத்திரிகையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. டொமினிக்கின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அப்பெண்களின் பெயர்கள் நிற்கவில்லை. படித்த, நடுத்தர வர்க்கத்து ஆணுக்கு நண்பர்களும் வழக்கறிஞரும் வாய்த்தனர் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

டொமினிக்குக்காக வழக்குத் தொடுத்தவர் அவருடைய தாய் லூசி. வாதாடியவர் ஆனந்த் குரோவர். இடைக்கால ஆணையால் டொமினிக் வெளியே வந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அரசு சட்டத்தின் ஒரு சொல்லை மாற்றியது: தனிமைப்படுத்தியாக வேண்டும் என்றிருந்தது தனிமைப்படுத்தலாம் என்றாயிற்று. கட்டாயம் அதிகாரியின் விருப்புரிமையாக உருமாறியது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பனாஜி அமர்வு அச்சட்டப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தனிமைப்படுத்தல் கடுமையான விளைவுகளை உடையது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும் தனிமனித உரிமையும் பொதுநலனும் மோதுமிடத்தில் முன்னது வழிவிட வேண்டும் என்றனர். அம்மோதல் உண்மையிலேயே இருந்ததா என்பதே வழக்கின் மையக் கேள்வி. தீர்ப்பு அதை விடையாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. தொற்றுள்ளவர் அஞ்சி ஒளிந்தால் சோதனைக்கு எவரும் வரமாட்டார்கள், அதனால் பொதுநலனே கெடும் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

வெளியே வந்த டொமினிக், 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். 1992 மே மாதத்தில் அவர் காலமானார். அவ்வாண்டுதான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்.

சட்டம் திரும்பிய வேகம் இதைவிடக் குறைவு. நேர்க்கோட்டிலும் அது செல்லவில்லை. 1997-இல் அதே பம்பாய் உயர் நீதிமன்றம், தொற்றைக் காரணம் காட்டிப் பொதுத்துறை நிறுவனமொன்று ஒரு தொழிலாளிக்கு வேலை மறுத்தது தவறு என்றது. அவர் தம் பெயரை மறைத்து வழக்காடவும் இசைந்தது. தீர்ப்பில் அவர் வெறும் 'எம்.எக்ஸ்.' மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், தொற்றுள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டதாகக் கூறி அதிர்ச்சி தந்தது. அக்கருத்தை விலக்கிக்கொள்ள 2002 வரை ஆயிற்று.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எவையெல்லாம் பாகுபாடு என்று நீண்ட பட்டியல் தருகிறது. வேலை மறுப்பு, சிகிச்சை மறுப்பு, வாடகை வீடு மறுப்பு ஆகியவற்றோடு, தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் அப்பட்டியலில் உள்ளன. சிகிச்சை வழங்கும் கடமையைச் சொல்லுமிடத்தில் 'இயன்றவரை' என்ற சொல்லை நுழைத்து அரசு தனக்கு ஒரு வாசல் வைத்துக்கொண்டது. தொற்றுள்ளோர் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன.

அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, தொற்றுள்ளவர் தம் அடையாளத்தை மறைத்து வழக்காட நீதிமன்றம் அனுமதிக்கலாம். 1989-இல் அப்படி ஒரு வழி இல்லை. சட்ட அறிக்கைகளில் அந்த வழக்கு இன்றும் தாயின் பெயராலேயே பதிவாகியுள்ளது: லூசி டிசோசா எதிர் கோவா மாநிலம்.