ஐபி நம்பரும் வீட்டு விலாசமும்

போன மாசம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா பையன் போன் பண்ணினான். ப்ளஸ் டூ படிக்கிறவன். குரலே சரியில்லை. "மாமா, ஐபி நம்பர் தெரிஞ்சா வீட்டைக் கண்டுபிடிச்சு வந்துடுவாங்களா?"

விஷயம் இதுதான். ஆன்லைன் கேம்ல எவனோடயோ சண்டை. அந்த ஆசாமி இவனோட ஐபி முகவரியையும் மேப்ல ஒரு சிவப்புப் புள்ளியையும் அனுப்பி, "நாளைக்கு வர்றேன், ரெடியா இரு"ன்னு மிரட்டியிருக்கான். அக்கா வீடு இருக்கிறது விருதுநகர்ல. சிவப்புப் புள்ளி இருந்தது சென்னை அண்ணா சாலையில. "வரட்டும்டா, எல்ஐசி கட்டடத்தைச் சுத்திப் பார்த்துட்டுப் போகட்டும்"னு சொன்னேன். அவன் சிரிக்கலை.

போனை வச்சப்புறம் எனக்கும் தூக்கம் வரலை. கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னும் சொல்லலாம், முடியாதுன்னும் சொல்லலாம். ரெண்டுக்கும் நிறைய பழைய கதைகள் இருக்கு. அதுல சிலதை இங்கே எழுதி வைக்கிறேன். அவனுக்கும் ஆச்சு, உங்களுக்கும் ஆச்சு.

முதல்ல அந்தச் சிவப்புப் புள்ளி. ஐபி முகவரிக்குள்ள தெருப்பேரோ கதவு எண்ணோ கிடையாது. எந்த எண் வரிசை எந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருக்குன்னு மட்டும்தான் வெளியாளுக்குத் தெரியும். அதையும் இன்னும் சில தடயங்களையும் வச்சு, "இந்த எண் சுமாரா இந்த ஊர்ப் பக்கம்"னு ஊகிச்சுப் பட்டியல் போட்டு விக்கிற கம்பெனிகள் இருக்கு. அமெரிக்காவோட மேக்ஸ்மைண்ட் அதுல ஒண்ணு. ஒரு எண் அமெரிக்காவுலதான் இருக்கு, ஆனா எந்த ஊர்னு தெரியலைன்னா என்ன செய்யறது? நாட்டுக்கு நடுவுல ஒரு புள்ளியைக் காட்டிடுவோம்னு முடிவு பண்ணினாங்க. நடுப்புள்ளியோட கணக்கு பின்னத்துல வந்ததால, அதை 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்குன்னு முழு எண்ணா ஆக்கிட்டாங்க.

அந்த இடத்துல ஒரு வீடு இருந்தது. கேன்சஸ் மாநிலத்துல பாட்வின்ங்கற குட்டி ஊருக்குப் பக்கத்துல ஒரு பண்ணை வீடு. 60 கோடிக்கும் மேல ஐபி முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டிச்சு. பணத்தை ஏமாந்தவன், எஃப்பிஐ, வருமான வரிக்காரங்க, தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு எங்கேயோ எழுதினவரைக் காப்பாத்த வந்த ஆம்புலன்ஸ்... வருஷக்கணக்கா எல்லாரும் அந்த வாசலுக்கே வந்து நின்னாங்க. வீட்ல இருந்தவங்களுக்கு ஏன்னே புரியலை. 2016ல கஷ்மீர் ஹில்ங்கற பத்திரிகையாளர் துருவிக் கண்டுபிடிச்சு எழுதின பிறகுதான், கம்பெனி அந்தப் புள்ளியைத் தூக்கி ஒரு ஏரிக்கு நடுவுல வச்சுது. இனிமே வர்றவங்க நீந்திக்கிட்டுத்தான் தேடணும் :-)

ஆக, மேப் புள்ளியை நம்பி யாரும் விருதுநகர் வரமுடியாது. அப்போ நிஜமாவே வீட்டு வாசல் வரைக்கும் வர்றது எப்படி? அதுக்கு 1986க்குப் போகணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கலிபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃப் ஸ்டால்னு ஒரு வானியல்காரர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளிட்டாங்க. அந்தக் காலத்துல கம்ப்யூட்டரைப் பயன்படுத்தற நேரத்துக்குக் காசு. அந்த மாசக் கணக்குல 75 சென்ட் இடிச்சுது. "ஏன்னு பாரு"ன்னு புது ஆள் தலையில கட்டினாங்க. (எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான்.) ஸ்டால் அதை விடாம நோண்டினதுல, எவனோ வெளியாள் ஒருத்தன் திருட்டுத்தனமா உள்ளே வந்துபோறது தெரிஞ்சுது.

பூட்டை மாத்திட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஸ்டால் மாத்தலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல கிடந்த பிரிண்டர், டெர்மினல் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து, உள்ளே வர்ற மோடம் லைன்கள்ல மாட்டிட்டு, மேசைக்கு அடியில படுத்துத் தூங்கினார். வந்தவன் தட்டின ஒவ்வொரு எழுத்தும் காகிதத்துல விழுந்துது. இவங்க கம்ப்யூட்டர் அவனுக்கு வெறும் திண்ணைதான். இங்கே உட்கார்ந்துக்கிட்டு ராணுவக் கம்ப்யூட்டர்களை ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்தான். சுமார் 450 இடத்துல முயற்சி பண்ணி, 30க்கும் மேல உள்ளேயே போயிட்டான். ஸ்டால் எஃப்பிஐக்கு போன் பண்ணினார். எவ்வளவு நஷ்டம்னு கேட்டாங்க. 75 சென்ட்னு சொன்னார். அதோட சரி.

ஆள் எங்கே இருக்கான்? ஸ்டால் வானியல்காரர் இல்லையா, தூரத்தை அளக்கப் பார்த்தார். இங்கேருந்து போற தகவலுக்கு அங்கேருந்து பதில் வர மூணு செகண்ட் ஆச்சு. ஒளி வேகத்துல கணக்குப் போட்டா அவன் நிலாவையும் தாண்டி உட்கார்ந்திருக்கணும்! வழியில நடக்கிற தாமதத்தையெல்லாம் கழிச்சுப் பார்த்தா சுமார் 6,000 மைல்னு வந்துது. அமெரிக்காவுக்குள்ள அவ்வளவு தூரம் ஏது?

தடம் ஓக்லாந்து, அங்கேருந்து வர்ஜீனியாவுல ஒரு பாதுகாப்புத்துறை கம்பெனி, அதைத் தாண்டிச் செயற்கைக்கோள் வழியா மேற்கு ஜெர்மனி. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்களே தடம் காட்டிடுச்சு. ஜெர்மனியில ஹனோவர் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்ததும் நின்னுபோச்சு. பழைய இயந்திர ஸ்விட்ச். எந்த போன்லேருந்து கால் வருதுன்னு பார்க்க ஒரு ஆள் எக்ஸ்சேஞ்சுக்கு நேர்ல போய், ஒயரைப் பிடிச்சுக்கிட்டே தேடணும். அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நம்மாளு சில நிமிஷம்தான் இருப்பான்.

சரி, அவனை உட்கார வைக்கணும். ஸ்டாலுக்கும் அவர் காதலிக்கும் குளியலறையில உதிச்ச யோசனை இது. ரீகன் காலத்து நட்சத்திரப் போர்த் திட்டத்தைப் பத்தி ரகசியம் மாதிரி பக்கம் பக்கமா பொய்க் கோப்பு தயார் பண்ணினாங்க. வந்தவன் அதைப் பார்த்துட்டு, ஆசை ஆசையா உட்கார்ந்து இறக்கிக்கிட்டே இருந்தான். அந்த நேரத்துல ஹனோவர் ஊழியர் ஒயரைத் தேடி முடிச்சார். ஆள் பேரு மார்கஸ் ஹெஸ். கூட்டாளிகளோட சேர்ந்து சோவியத் கேஜிபிக்கு விஷயம் வித்துக்கிட்டு இருந்தவர்.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். 1987 ஜூன்ல ஜெர்மன் போலீஸ் வீட்டுக்குப் போய்ச் சோதனை போட்டும், அவரை உள்ளே வைக்க ஆதாரம் போதலை. போன் லைன் இந்த வீட்டுது, சரி. தட்டின விரல் யாரோடது? மறுபடி 1989ல கைது பண்ணி, 1990ல தண்டனை வந்துது. அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

ஒரு ஆளைத் தேட ரெண்டு நாடு, பத்து மாசம். அதுக்கப்புறம் வந்த காலத்துல ஒயரைப் பிடிச்சுக்கிட்டு யாரும் ஓடலை. யாருக்கு எந்த நேரத்துல எந்த ஐபி கொடுத்தோம்னு இணைய நிறுவனமே எழுதி வச்சிருந்துது. அரசாங்கம் ஒரு கடுதாசி போட்டா போதும்.

சீனாவுல ஷி தாவோன்னு ஒரு பத்திரிகையாளர். தியானன்மென் நினைவு நாளை எப்படிக் கையாளணும்னு பத்திரிகைகளுக்கு வந்த உத்தரவைப் பத்தி, 2004 ஏப்ரல் 20 ராத்திரி தன்னோட யாஹூ முகவரியிலேருந்து வெளிநாட்டுக்கு மெயில் அனுப்பினார். யாஹூ கொடுத்த விவரப்படி அந்த ஐபி சாங்ஷா நகரத்துல அவர் வேலை பார்த்த பத்திரிகை ஆபீஸ்ல நின்னுது. 11:32 மணின்னு நேரத்தோட தீர்ப்புல எழுதியிருந்தாங்க. பத்து வருஷம் ஜெயில். 2007ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில யாஹூவோட ஜெர்ரி யாங், ஷி தாவோவோட அம்மா முன்னாடி தலைகுனிஞ்சார். பையன் வெளியில வந்தது 2013ல.

அங்கே பதிவேடு சொன்னது சரி, அதனாலயே ஒரு மனுஷன் உள்ளே போனார். பதிவேடு தப்பா சொன்னா?

அதே 2007, பெங்களூர். ஆர்குட்ல சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி எவனோ படம் போட்டுட்டான். புனேயில கொந்தளிப்பு. போலீஸ் ஐபியை வாங்கி, இது யாருதுன்னு இணைய நிறுவனத்தைக் கேட்டாங்க. நிறுவனம் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரோட பேரையும் விலாசத்தையும் கொடுத்துது. ஆகஸ்ட் கடைசியில புனே போலீஸ் பெங்களூர் வந்து வீட்லேருந்து அவரைக் கூட்டிட்டுப் போச்சு. எரவாடா ஜெயில், 50 நாள். அவர் அந்தப் படத்தைப் பார்த்தது கூடக் கிடையாது. ஒரே ஐபியை ஒரே நாள்ல பல பேருக்கு மாத்தி மாத்திக் கொடுப்பாங்க. நேரம் சரியா இருந்தாத்தான் ஆள் சரியா இருக்கும். போலீஸ் அனுப்பின கடிதத்துல 1:15ங்கறது பகலா ராத்திரியான்னு தெளிவா இல்லைன்னு அப்புறம் செய்தி வந்துது. ஏஎம், பிஎம். ரெண்டே எழுத்து. நிஜமா போட்டவங்கன்னு வேற ஆட்களைப் பிடிச்ச பிறகும் இவர் உடனே வெளியில வரலை. பின்னாடி மனித உரிமை ஆணையம் நிறுவனத்தை 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னதா படிச்சேன். 50 நாளுக்கு!

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. காரணம் இருக்கு.

2004ல வேலை கிடைக்காம இருந்த சமயம், எங்க ஊர்ல ஒரு ப்ரௌசிங் சென்டர்ல சாயங்காலம் கல்லாவுல உட்காருவேன். மணிக்கு 20 ரூபாய். வர்றவங்க பேரு, ஊரு, சிஸ்டம் நம்பர், நேரம் எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதணும். பாதிப் பேர் "ராஜா, மெயின் ரோடு"ன்னுதான் எழுதுவாங்க. நானும் கண்டுக்க மாட்டேன். ஒருநாள் ஏட்டு ஒருத்தர் வந்து, முந்தாநாள் 7:10க்கு இங்கேருந்து ஒரு பொண்ணுக்கு அசிங்கமா மெயில் போயிருக்கு, அப்போ யார் இருந்தான்னு கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த நேரத்துல நிஜமான பேரு எழுதியிருந்தது ஒரே ஒரு பையன். பாலிடெக்னிக் பையன், தினமும் வருவான். விரலை வச்சுக் காட்டினேன்.

அவனையும் அவன் அப்பாவையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. ராத்திரி கடையைப் பூட்டும்போதுதான் சுவர்ல பார்த்தேன். ரிஜிஸ்டர்ல நேரம் எழுதறது அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான். ஓனர் அதை எப்பவும் கால் மணி கூட்டித்தான் வைப்பார். அந்தப் பையன் 7:05லேருந்து 7:50ன்னு எழுதியிருந்தான். கடிகாரப்படி எழுதினா, நிஜத்துல அவன் 6:50க்கு வந்து 7:35க்குப் போயிருக்கான். அப்பவும் 7:10க்கு உள்ளேதான் இருந்திருக்கான். ஆனா கூட இருந்தவங்க பட்டியல் மாறிடுது. கடிகாரத்துல 7:20க்கு எழுந்து போன ஒரு "ராஜா" நிஜ நேரப்படி 7:05க்கே போயிட்டார். கடிகாரத்துல 7:20க்கு வந்து உட்கார்ந்த இன்னொரு "ராஜா" 7:05லேருந்தே உள்ளே. இந்த ரெண்டாவது ராஜாவைப் பத்தி நான் ஏட்டுகிட்ட வாயே திறக்கலை. அடுத்த நாள் போய்ச் சொன்னேன். பையனை அனுப்பிட்டாங்க. மெயில் போட்டது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. அந்தப் பையன் அப்புறம் எங்க சென்டருக்கு வரவே இல்லை. அவங்க அப்பாவைக் கடைத்தெருவுல பார்த்தா நான் எதிர்ப்பக்கம் போயிடுவேன்.

இப்போ கதை இன்னும் சிக்கல். பழைய வகை ஐபி முகவரி மொத்தமே சுமார் 430 கோடிதான். அது பத்தாம, செல்போன் கம்பெனிகள் ஒரே எண்ணுக்குப் பின்னாடி நிறைய பேரை நிறுத்திவைக்குது. அதுல ஒருத்தரைப் பிரிச்சு எடுக்க ஐபி மட்டும் போதாது, போர்ட் நம்பரும் செகண்ட் சுத்தமா நேரமும் வேணும். 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் போட்ட உத்தரவுல, பதிவுகளை 180 நாள் வச்சிருக்கணும்னு சொன்னதோட, எல்லா சிஸ்டம் கடிகாரத்தையும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தோட நேரத்துக்கு ஒத்து வைக்கணும்னும் இருக்கு. நிறைய பேர் அந்த உத்தரவைத் திட்டினாங்க. விபிஎன் நடத்துறவங்க வாடிக்கையாளர் விவரத்தை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு அதுல இருக்கே, அதுக்கு நானும்தான் திட்டினேன். ஆனா அந்தக் கடிகார வரியைப் படிச்சப்போ மட்டும், எங்க சென்டர் சுவர் ஞாபகம் வந்துது.

மறுநாள் காலையில பையனுக்கு நானே போன் பண்ணினேன். வீட்டுக்கு யாரும் வரலை, வரவும் மாட்டாங்க, அவனை பிளாக் பண்ணுன்னு சொன்னேன். பிளாக் பண்றதுக்கு முன்னாடி மிரட்டலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, தேவைப்பட்டா சைபர் கிரைம்ல கொடுக்கலாம்னேன்.

"எடுத்துட்டேன் மாமா."

"நேரம் தெரியுதா?"

"9:40ன்னு இருக்கு."

"காலையா ராத்திரியா?"

"ராத்திரிதான் மாமா, உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும்டா. பக்கத்துல எழுதி வை."