நுண்குழல்

நுண்குழல் என்பது உயிரணுச் சட்டகத்தை அமைக்கும் புரத இழைகளுள் ஒன்றாகும். டியூபியூலின் எனும் புரதத்தால் ஆன இதன் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர் ஆகும். உயிரணுப் பிரிவின்போது நிறப்புரிகளை இருபுறமும் பிரிப்பவை நுண்குழல்களே.

ஆய்வு வரலாறு

குளுட்டரால்டிகைடு கொண்டு உயிரணுக்களைப் பதப்படுத்தும் முறை வந்த பின்னர், 1963 இல் லெட்பெட்டர், போர்ட்டர் ஆகியோர் எதிர்மின்னி நுண்ணோக்கி வழியாகத் தாவர உயிரணுக்களில் நுண்குழல்களைக் கண்டு விவரித்தனர். நுண்குழல்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே திடீரெனச் சுருங்கக்கூடியவை என்பதை 1984 இல் மிட்சிசன், கிர்சுனர் ஆகியோர் அறிவித்தனர். சுருங்கும் முனையில் இழைகள் வெளிப்புறமாக வளைந்து பிரிவதை 1991 இல் உறைநிலை எதிர்மின்னி நுண்ணோக்கிப் படங்கள் காட்டின.

1998 இல் நோகாலெசு, வுல்ஃப், டௌனிங் ஆகியோர் டியூபியூலின் தகடுகளை இந்நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அப்புரதத்தின் அணுநிலை அமைப்பை வெளியிட்டனர். புற்றுநோய் மருந்தான டாக்சால் பிணையும் இடமும் அதில் தெரிந்தது. இம்மருந்து நுண்குழல் கலைவதைத் தடுப்பதால் புற்றுநோய் உயிரணுக்களின் பிரிவு தடைப்படுகிறது.