சிகரெட்: யார் பிடிக்கலாம், யார் முன்னால் பிடிக்கலாம்?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம். பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. ஜப்பானியப் பெண்கள் சீருடற்பயிற்சி அணியின் தலைவி ஷோகோ மியாத்தா போட்டியிலிருந்து விலகி நாடு திரும்பினார். காயம் இல்லை. ஊக்கமருந்தும் இல்லை. அவர் சிகரெட் பிடித்ததும் மது அருந்தியதும் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 19.

ஜப்பானில் 2022ஆம் ஆண்டிலிருந்து 18 வயது நிரம்பினாலே சட்டப்படி பெரியவர். ஆனால் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் மட்டும் 20 வயது ஆகவேண்டும். ஐந்து பேர் போகவேண்டிய அணி நான்கு பேரோடு களமிறங்கியது. "இதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று ஜப்பானிலேயே பலர் கேட்டனர். "விதி என்றால் விதிதான்" என்றனர் மற்றவர்கள்.

புகையிலை உடலுக்குச் செய்யும் கேடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். உலகம் முழுவதும் அது ஆண்டுக்கு 7 மில்லியனுக்கும் அதிகமானோரின் உயிரைப் பறிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஒருவர் கையில் சிகரெட்டைப் பார்த்ததும் சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. யார் வெளிப்படையாகப் பிடிக்கிறார், யார் ஒளிந்து பிடிக்கிறார், யாருக்கு உதவி போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் அந்த நினைப்புதான் தீர்மானிக்கிறது.

ஜப்பான்: சாலையில் கூடாது, கடைக்குள் பரவாயில்லை

மியாத்தாவின் கதையைக் கேட்டால் ஜப்பான் புகைபிடிப்பதை அறவே வெறுக்கும் நாடு என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஜப்பான் டொபாக்கோவில் மூன்றில் ஒரு பங்கு நிதி அமைச்சிடம் இருக்கிறது. உணவகங்கள் உட்பட உட்புற இடங்களில் புகைபிடிக்க நாடு தழுவிய தடை 2020 ஏப்ரலில்தான் முழுமையாக நடப்புக்கு வந்தது. அதிலும் ஏற்கெனவே இயங்கிவந்த சின்னக் கடைகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆனால் சாலையில் நடந்துகொண்டே பிடிப்பதற்குத் தோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002ஆம் ஆண்டிலேயே அபராதம் கொண்டுவந்துவிட்டது. நமக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணம் எளிமையானது. நெரிசலான நடைபாதையில், தொங்கவிட்ட கையில் எரியும் சிகரெட் இருந்தால் அது ஒரு குழந்தையின் முக உயரத்தில் இருக்கும். அங்கே முதலில் எழுந்த கேள்வி நுரையீரல் பற்றியது அல்ல. அடுத்தவருக்குத் தொந்தரவு தராமல் நடந்துகொள்வது பற்றியது. அதனால்தான் சாம்பலையும் சிகரெட் துண்டையும் போட்டு மூடி வைத்துக்கொள்ளும் சின்னப் பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே உருவானது.

சீனா: வாங்காவிட்டால் வருத்தம்

சீனாவில் சிகரெட் வெறும் பழக்கமல்ல, பரிசு. அறிமுகமாகும்போது நீட்டுவார்கள். வியாபாரம் பேசுமுன் நீட்டுவார்கள். திருமண விருந்து மேசையில் மிட்டாயோடு சிகரெட்டும் இருக்கும். அதற்கு 'மகிழ்ச்சிச் சிகரெட்' என்றே பெயர். பல ஊர்களில் மணப்பெண்ணே மேசை மேசையாகப் போய் விருந்தினருக்குப் பற்றவைப்பார்.

நீட்டியதை வேண்டாம் என்றால், "எனக்குப் பழக்கமில்லை" என்பதோடு அது நிற்பதில்லை. "உங்கள் மரியாதை எனக்கு வேண்டாம்" என்றும் கேட்கக்கூடும். நம்ம வீட்டுக்கு வந்தவர் காப்பி வேண்டாம் என்றால் அம்மாவின் முகம் எப்படி மாறும்? கிட்டத்தட்ட அதுதான்.

எந்தச் சிகரெட் என்பதும் முக்கியம். தியனன்மென் வாயில் படம் போட்ட சிவப்புப் பெட்டி 'சுங்ஹுவா' மேசைமேல் இருந்தால் விருந்து கொடுப்பவரின் வசதி தெரிந்துவிடும். 2008ஆம் ஆண்டில் நன்ஜிங் நகர வட்டார அதிகாரி ஒருவர், சோ ஜியூகெங், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த படம் இணையத்தில் வெளியானது. அவருக்கு முன்னால் இருந்த சிகரெட்டின் விலை ஒரு பெரிய பெட்டிக்கு சுமார் 1,500 யுவான் என்று இணையவாசிகள் கண்டுபிடித்தனர். அரசாங்கச் சம்பளத்தில் இது எப்படி என்று கேள்வி எழுந்தது. விசாரணை நடந்தது. லஞ்சக் குற்றத்துக்காக அடுத்த ஆண்டு அவருக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மாட்டிக்கொடுத்தது ஒரு சிகரெட் பெட்டி!

2018ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி சீன ஆண்களில் 50.5 விழுக்காட்டினர் புகைபிடிக்கின்றனர். பெண்களில் 2.1 விழுக்காடுதான். சிகரெட் தயாரிப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. அதில் கிடைக்கும் வருமானம் மிகப் பெரியது. பெய்ச்சிங்கில் 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து உட்புறப் பொது இடங்களில் தடை இருக்கிறது. ஆனால் பரிசாக வந்ததைத் தடை செய்ய எந்தச் சட்டத்தாலும் எளிதில் முடியாது. விட நினைக்கும் ஆண் ஒருவர் எதிர்கொள்வது நிக்கோட்டினை மட்டுமல்ல. நீட்டிய கையையும்தான்.

தென் கொரியா: பெரியவர் வந்தால் அணைத்துவிடு

கொரியக் கதைகள் சில, "புலி புகைபிடித்த காலத்திலே..." என்று தொடங்கும். நம்ம "ஒரு ஊர்ல ஒரு ராஜா" மாதிரி. புலிக்குக்கூட அனுமதி உண்டு. ஆனால் அப்பா முன்னால் மகனுக்கு இல்லை.

கொரிய நாடகங்கள் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வயதில் மூத்தவர் முன்னால் மது அருந்தும்போது இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பார். சிகரெட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. பெரியவர் வந்தால் அணைக்கவேண்டும், அல்லது இடத்தைவிட்டு நகரவேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. "டேய், அப்பா வர்றார்!" என்றதும் சிகரெட் முதுகுக்குப் பின்னால் போகும் காட்சி பல தமிழ்க் குடும்பங்களில் நடந்ததுதான். அப்பாவுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். ஆனாலும் மறைப்பதுதான் மரியாதை.

இந்த மரியாதை ஆண்களைப் பழக்கத்திலிருந்து காப்பாற்றியதா என்றால், இல்லை. 1980ஆம் ஆண்டு வாக்கில் கொரிய ஆண்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் புகைபிடித்தனர். கட்டாய ராணுவச் சேவையில் இருந்தவர்களுக்குப் பல்லாண்டுகளாக ராணுவமே சிகரெட் கொடுத்து வந்தது. முகாமில் தொடங்கிய பழக்கம் வீட்டில் மறைக்கப்பட்டது, அவ்வளவுதான். விலை ஏற்றமும் இடக் கட்டுப்பாடுகளும் வந்த பிறகே அந்த எண்ணிக்கை இறங்கியது.

பெண்களின் கதை வேறு. கொரியாவில் பெண்கள் புகைபிடிப்பது இன்னும் கெட்ட பெயருக்குரியது. ஆய்வாளர்கள் கேட்கும்போது பலர் "இல்லை" என்கின்றனர். ஆனால் சிறுநீரில் கொட்டினைன் என்ற பொருள் இருக்கிறதா என்று சோதித்தால் நிக்கோட்டின் உடலில் புகுந்தது தெரிந்துவிடும். அப்படிச் சோதித்த ஆய்வுகளில், பெண்கள் வாய்விட்டுச் சொன்ன அளவைவிட உண்மை அளவு கணிசமாக அதிகமாக இருந்தது. ஆண்களிடம் அந்த இடைவெளி சிறியது.

இது வெறும் புள்ளிவிவரப் பிழை அல்ல. கர்ப்பிணி ஒருவர் மருத்துவரிடம் மறைத்தால், மருத்துவர் உதவ வழியில்லை. கணக்கில் இல்லாதவர்களுக்கு யாரும் திட்டம் போடுவதுமில்லை.

தடையை உடைத்தவர் யார்?

பெண் கையில் சிகரெட் தவறு என்ற எண்ணம் மேற்கத்திய நாடுகளிலும் இருந்தது. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் இளம் பெண்கள் சிலர் எல்லார் முன்னிலையிலும் சிகரெட் பற்றவைத்தனர். 'சுதந்திரத் தீபங்கள்' என்று செய்தி பரவியது. பெண் உரிமைப் போராட்டம் போலத் தெரிந்ததை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். விளம்பரத் துறையில் பெயர் போனவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம்.

தொடர்புத்துறை படித்த எல்லாருக்கும் இந்தக் கதையை முதலாண்டிலேயே சொல்லிவிடுவார்கள். அப்போது புத்திசாலித்தனமான உத்தியாகத் தோன்றியது. இப்போது அதைப் படித்தால் கொஞ்சம் கசக்கிறது. தடையை உடைக்கக் கிளம்பிய பெண்களின் கையில் வேறொருவர் தன் பொருளை வைத்துவிட்டார்.

இந்தோனேசியாவில் அப்படி ஒரு திருப்பம் வரவில்லை. 2021ஆம் ஆண்டு ஆய்வின்படி அங்கே ஆண்களில் 65.5 விழுக்காட்டினரும் பெண்களில் 3.3 விழுக்காட்டினரும் புகையிலைப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். கிராம்பு கலந்த 'கிரெத்தெக்' அங்கே ஒரு தேசிய அடையாளம். சின்ன வேலை செய்துகொடுத்தவருக்குக் கையில் வைக்கும் பணத்துக்குப் பெயரே 'உவாங் ரோக்கோக்', அதாவது சிகரெட் காசு. நாம் 'டீ காசு' என்போமே, அது மாதிரி. நீங்கள் பூப்பந்து ரசிகரா? கெவின் சஞ்சயா போன்ற உலகப் புகழ் ஆட்டக்காரர்கள் வந்த 'ஜாரும்' மன்றத்தின் பெயர் ஒரு சிகரெட் நிறுவனத்தின் பெயர்தான். சிறுவர் தேர்வுகளில் அந்தப் பெயர் இருக்கலாமா என்று 2019இல் பெரிய சர்ச்சையே நடந்தது.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டி

இனி நம்ம பக்கம். இந்தியாவில் 2016-17இல் எடுக்கப்பட்ட ஆய்வில், பெண்களில் 2 விழுக்காட்டினர்தான் புகைபிடிப்பதாகத் தெரிந்தது. "நம்ம பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டாங்க" என்று பெருமைப்படுமுன் அடுத்த வரியையும் படிக்கவேண்டும். மென்று பயன்படுத்தும் புகையிலை போன்றவற்றைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 விழுக்காடு. ஆறு மடங்குக்கும் மேல்!

இலை ஒன்றுதான். புகையாக வந்தால் அவமானம், வெற்றிலையோடு சேர்ந்தால் பாட்டியின் பொழுதுபோக்கு. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்து மடிக்கும் பாட்டியை யாரும் 'புகையிலைப் பழக்கம் உள்ளவர்' என்று நினைப்பதே இல்லை. வாய்ப்புற்றுநோய் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை 2016 ஆகஸ்ட்டிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளன.

சினிமாவிலும் அதே கணக்குத்தான். 1970களில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தபோது திரையரங்கில் விசில் பறந்தது. 2002இல் 'பாபா' படத்தின்போது அதே சிகரெட் அரசியல் எதிர்ப்பைச் சந்தித்தது. அடுத்து வந்த சில படங்களில் அவர் அதைத் தவிர்த்தார். கதாநாயகி பிடித்திருந்தால் விசில் பறந்திருக்குமா?

இங்கே எப்படி?

சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டிலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைபிடிப்பதற்குத் தடை போட்டது. குறைந்தபட்ச வயது படிப்படியாக உயர்ந்து 2021 ஜனவரியில் 21 ஆனது. 2020 ஜூலையிலிருந்து எல்லாச் சிகரெட் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறம். சீன விருந்து மேசையில் சிவப்புப் பெட்டி செய்யும் வேலையை இங்கே எந்தப் பெட்டியும் செய்யமுடியாது. மலேசியாவில் 2019 ஜனவரியிலிருந்து உணவகங்களில் தடை. மாமாக் கடையில் தே தாரிக் மேசையில் இருக்க, பிடிப்பவர் மட்டும் மூன்று மீட்டர் தள்ளிப்போய் நிற்கவேண்டும்.

ஆனால் சட்டம் எங்கேயோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பிரான்ஸில் 2025 ஜூன் மாத இறுதியிலிருந்து கடற்கரை, பூங்கா, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றில் தடை. மீறினால் 135 யூரோ அபராதம். காப்பிக்கடையின் வெளி மேசைகளை மட்டும் தொடவில்லை. அங்கே கை வைத்தால் பாரிஸ் பொறுக்காது என்று அரசாங்கத்துக்குத் தெரியும் போலிருக்கிறது! சிங்கப்பூரில் அந்த எல்லை வீட்டு ஜன்னல். வீவக புளோக்கின் தாழ்வாரத்திலும் கீழ்த்தளத்திலும் பிடிக்கமுடியாது. வீட்டுக்குள் ஜன்னலோரம் பிடிக்கலாம். புகை மட்டும் மேல்வீட்டுக்குப் போகும். அண்டைவீட்டாரிடையே சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

வாசனை காட்டிக்கொடுக்காத பொருள்

அப்பா முன்னால் மறைக்கும் பழைய மரியாதைக்கு ஒரு அடிப்படை இருந்தது. சிகரெட்டை மறைக்கலாம், வாசனையை மறைக்கமுடியாது. சட்டையில், விரலில், தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு முதலில் தெரிந்துவிடும்.

மின்சிகரெட் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பழ வாசனை. பேனா போன்ற வடிவம். பள்ளிக் கழிவறையில் சில வினாடிகளில் முடிந்துவிடும். சிகரெட்டைப் பற்றி இருக்கும் கூச்சம் இதற்கு இன்னும் வந்து சேரவில்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேறுவேறு சட்டம் போட்ட சமூகத்தின் கண்ணிலும் இது எளிதில் படுவதில்லை.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த மின்சிகரெட்டுகள் பரவிய பிறகு, 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. எட்டோமிடேட் 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. முதல்முறை பிடிபடும் 18 வயதுக்குட்பட்டோருக்கு 500 வெள்ளி, பெரியவர்களுக்கு 700 வெள்ளி அபராதம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. எட்டோமிடேட் கலந்ததாக இருந்தால், மறுவாழ்வுத் திட்டத்திலும் கலந்துகொள்ளவேண்டும்.

தாங்களாகவே உதவி நாடி வருபவர்களுக்கு அபராதம் இல்லை என்று அதிகாரிகள் அறிவித்துள்ளனர். சிகரெட்டோ மின்சிகரெட்டோ, விட நினைப்பவர்கள் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் எண் 1800 438 2000ஐ அழைக்கலாம்.