பித்தும் பெயரும்

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் எமில் கிரேப்பலின் நோயாளரையே வகுப்புக்கு வரவழைத்து மனநோய்ப் பாடம் நடத்தினார். அன்றைய குறிகளோடு, நோய் ஆண்டுக் கணக்கில் செல்லும் போக்கையும் குறித்து வைத்தார். அதன் பயனாக, 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இரு பெரும் நோய்களைப் பிரித்துக் காட்டினார். களிப்பும் சோர்வும் வந்து வந்து தெளிவது ஒன்று. இளமையில் தோன்றி அறிவைச் சிதைப்பது மற்றொன்று. பின்னதற்கு, ‘இளமை அறிவழிவு’ எனப் பொருள்படும் பெயர் வழங்கினார்.

அப்பெயரிலேயே தீர்ப்பும் அடங்கியிருந்தது. சூரிச் மனநோய் மருத்துவமனைத் தலைவர் ஆய்கன் பிளாய்லரோ, நோய் எப்போதும் இளமையில் தோன்றுவதில்லை, எல்லார்க்கும் அறிவு அழிவதுமில்லை என்று கண்டார். 1908இல், ‘உளப்பிளவு’ எனப் பொருள்படும் ஸ்கிசோஃப்ரீனியா என்னும் பெயரைச் சூட்டினார். கல்லூரியில் இந்நோய்களைப் பயிலும் மாணாக்கர், பெயரோடு அது மாறிய காரணத்தையும் கற்பாராயின், நோயாளரைக் கைவிட எண்ணார்.