இறையருளும் ஒரே பாத்திரமும்

ஒரு சமயத்தின் கோட்பாட்டை அதன் நூல்களில் படித்தறிவது மட்டும் போதாது. அக்கோட்பாடு ஊர்களிலும் தெருக்களிலும் எவ்வாறு வாழ்ந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். கிறித்தவம் போற்றும் இறையருளும் பாவமன்னிப்பும் நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எத்தகைய சோதனைக்கு உள்ளாயின என்பதை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலமாகும்.

மனிதர் அனைவரும் பாவத்திற்கு உட்பட்டவர்களே; குலத்தாலோ செயலாலோ எவரும் மன்னிப்பை ஈட்டிக்கொள்ள இயலாது; இறைவன் அதனை இலவசமாகவே அருளுகின்றான். இதுவே பவுல் அடிகள் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் சாரமாகும். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் இக்கருத்தை முன்னிறுத்தியே திருச்சபைச் சீர்திருத்தத்தை நடத்தினார். அம்மன்னிப்பின் அடையாளமாக அமைவது திருவிருந்து. அதில் ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தின் இரசத்தையும் சபையார் அனைவரும் பகிர்ந்து அருந்துகின்றனர். ஈட்ட இயலாத ஒன்றைப் பெற வந்தவர்களிடையே முதல்வர், கடையர் என்னும் வரிசைக்கு இடமேது?

லூதரின் சபையைச் சார்ந்த சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அந்த மிஷனில் 1733இல் முதல் தமிழ்க் குருவாகத் திருநிலை பெற்ற ஆரோன் நம் கடலூரில் பிறந்தவர். சைவ வேளாளக் குடும்பத்தினர். அதே காலத்தில் ஆதிதிராவிடர் குலத்தில் தோன்றிய இராசநாயக்கன் என்பார், தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர், அந்த மிஷனின் உபதேசியாராக விளங்கினார். அவருடைய தொண்டின் சிறப்பை மிஷனரிகள் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் 1741இல் மற்றொரு தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுத்தபோது அவரை விடுத்துத் தியோகு என்பவரையே அமர்த்தினர். இராசநாயக்கன் கையால் திருவிருந்து பெற மேற்குலக் கிறித்தவர்கள் இசையமாட்டார்கள் என்னும் அச்சமே இதற்குக் காரணமாயிற்று. அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. பாவமே அல்லாத அவருடைய பிறப்பு மட்டும் மன்னிக்கப்படவில்லை!

இவ்வழக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே கைவிட வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சையிலும் பிற இடங்களிலும் மேற்குலக் கிறித்தவர் பலர் அதனை எதிர்த்து விலகினர். பின்னர் வந்த லைப்சிக் மிஷனோ, சாதி ஒரு சமூக வழக்கம், நற்செய்தியின் ஆற்றலால் அது நாளடைவில் தானே தேயும் என்று கருதி, அதனைப் பொறுத்துக்கொண்டது.

இதனை ஏற்க மறுத்தவர் அம்மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ். அவர் அங்கிருந்து விலகி, 1861இல் கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் புதிய பணித்தளம் ஒன்றை நிறுவினார். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்பணியிலிருந்து வளர்ந்ததேயாகும். சாதியை ஏற்பதா, மறுப்பதா என்னும் வினாவிலிருந்து ஒரு திருச்சபை நம் மண்ணில் தோன்றியது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்க செய்தியாகும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அச்சேறியது. ஆதனூர் நந்தனாரைத் தில்லைக்கு அழைத்தது கூத்தப்பிரானின் அருள் என்று பெரியபுராணமும் கூறுகின்றது. ஆனால் அருள் அழைத்த பின்னரும் அவர் தீயில் மூழ்கி எழவேண்டியிருந்தது. தில்லையின் வாயிலிலும் திருச்சபையின் பாத்திரத்திலும் நிகழ்ந்தது ஒன்றே: இறைவன் வழங்கியதை மனிதன் தடுத்து நின்றான். அந்த நந்தனாரின் பெயராலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளியைத் தொடங்கினார். வாயில் அடைக்கப்பட்ட ஊரிலேயே கல்வியின் வாயில் நமக்குத் திறக்கப்பட்டது.

இனி, மன்னிப்பைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். நடந்ததை மறந்து மன்னித்துவிடுங்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உளர். ஆனால் கிறித்தவ மறை காட்டும் மன்னிப்பு தவற்றை மூடி மறைப்பதன்று. வரி வசூலித்த சகேயுவின் வீட்டிற்கு இயேசு பெருமான் தாமே விருந்தினராய்ச் சென்றார். அருள் முந்திச் சென்றது. அதனைப் பெற்ற சகேயு, தான் வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக உறுதி கூறினான். அருள் இலவசமே; ஆயினும் அதனைப் பெற்றவன் பறித்ததைத் திருப்பித் தராமல் இருக்கமாட்டான். தமிழகத்தில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிப் பிரிவினை நீடிக்கின்றது. அது அகலும்வரை மனந்திரும்புதல் முழுமை பெற்றதாக நாம் கொள்ளுவதற்கில்லை.

இளைஞர்களே! நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், அருள் என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு இடும் பிச்சையன்று என்பதை உணர்வோமாக. அதன் முன் மேலோரும் இல்லை, கீழோரும் இல்லை. இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பாத்திரத்தையும் நந்தனாருக்கு அடைக்கப்பட்ட வாயிலையும் நினைவில் இருத்தி, நம் கையிலுள்ள கல்வியை எவருக்கும் மறுக்காது பகிர்ந்தளிப்போம். அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.