வேலூர்ச் சிறையும் வக்கீல் இல்லாத பெண்களும்: இந்தியாவில் பெண் கைதிகளுக்கான ஆதரவு வளர்ந்த விதம்

பெண் கைதிகளைப் பொறுத்தவரை 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் முதன்மைக் கவலை, அவர்களைப் பிரித்து வைப்பது. ஆண் கைதிகள் அவர்களைப் பார்க்கவோ அவர்களோடு பேசவோ கூடாது. அவர்களுக்காக வாதாட ஆள் உண்டா, விடுதலையானபின் எங்கே போவார்கள் என்பவை அச்சட்டத்தின் கேள்விகள் அல்ல. பின்னாளில் அவை எழுந்தபோதும் வேறுவேறு வேகத்தில் நகர்ந்தன. முதல் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இரண்டாவது பாதி வழியில் நின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் கேள்வியின் தொடக்கத்தை வேலூர்ச் சிறையில் தேடலாம். உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதான துர்காபாய் அங்கே அடைக்கப்பட்டார். கொலை உள்ளிட்ட வழக்குகளில் தண்டனை பெற்ற ஏழைப் பெண்களும் அங்கு இருந்தனர். தங்கள் தரப்பை எடுத்துச் சொல்லத் தெரியாமலும், சொல்வதற்கு வக்கீல் இல்லாமலும் தண்டனை அடைந்தவர்கள் அவர்களில் பலர் என்பதைப் பேசிப் பழகியே துர்காபாய் அறிந்தார். சட்டம் படிக்கும் எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. பள்ளிப் படிப்பையே முடித்திராதவர், தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி 1942இல் சென்னையில் வழக்கறிஞரானார். சிறைவாசத்தைத் தியாகமாக மட்டுமே எழுதிப் பழகிய நம் விடுதலைப் போராட்ட வரலாறுகளில், அரசியல் கைதிக்கும் ‘சாதாரண’க் கைதிக்கும் இடையே நடந்த இந்த உரையாடலுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது துர்காபாயே அதன் முதல் தலைவர். சிறை முதலிய நிறுவனங்களிலிருந்து வெளிவருவோரின் மறுவாழ்வை ஆராய எம்.எஸ். கோரே தலைமையில் வாரியம் ஒரு குழுவை அமைத்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அவர்களுக்கான இல்லங்களும் வந்தன. ஆனால் 1956ஆம் ஆண்டின் பெண் கடத்தல் தடுப்புச் சட்டப்படி, மீட்கப்பட்ட பெண் ‘பாதுகாப்பு இல்லத்தில்’ தங்குவது நடுவரின் ஆணையால். அவள் விருப்பத்தால் அல்ல. உதவி எது, காவல் எது என்ற வேறுபாடு இப்படித்தான் மங்கத் தொடங்கியது.

அது எதுவரை போகும் என்பதை 1979இல் கபிலா ஹிங்கொரானி தொடுத்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு காட்டியது. பிகார் சிறைகளில் இருந்தவர்களில் எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்களும் இருந்தனர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள். ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் சிறைக்குள்! அவர்களை விடுவித்து நல இல்லங்களுக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்த திருப்பம் ஒரு கடிதம். 1982 மே மாதத்தில் பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் மத்திய சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களில் ஐவர், போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்ததாகக் கூறினர். அவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1983 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி அளித்த தீர்ப்பு நடைமுறைக் கட்டளைகளால் ஆனது: பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் பாதுகாப்பு, பெண் போலீசார் முன்னிலையில் மட்டுமே விசாரணை, கைதானதும் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல், செஷன்ஸ் நீதிபதியின் திடீர் ஆய்வு. சிறையில் பெண்களின் நிலையை நேரில் அறிந்துவரும் பணி, நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் ஆர்மைட்டி தேசாயிடம் தரப்பட்டது. உத்தரவோடு நின்றுவிடாமல் வெளியாள் ஒருவரை உள்ளே அனுப்பியதே இதன் தனிச்சிறப்பு என்பேன்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவு என்று பாராமலே பெண்களுக்கும் காவலில் உள்ளோருக்கும் இலவச சட்ட உதவி பெறும் தகுதியை அளித்தது. வேலூரில் எழுந்த கேள்விக்கு, ஏட்டளவிலாவது, விடை கிடைத்தது.

மறுவாழ்வோ அப்படி நகரவில்லை. 2022 இறுதியில் நாட்டின் 5,73,220 கைதிகளில் பெண்கள் 23,772 பேர். ஏறத்தாழ 4 விழுக்காடு. எண்ணிக்கை குறைவு என்பதே இவர்களுக்குப் பாதகமாகிறது. தமிழ்நாட்டில் பெண்கள் தனிச்சிறைகள் புழல், வேலூர், திருச்சி போன்ற சில ஊர்களில் மட்டுமே இருப்பதால் பலர் சொந்த மாவட்டத்தைவிட்டுத் தொலைவில் அடைபடுகிறார்கள். சிறைக்குப் பார்க்க வரும் உறவினருக்குப் பயணச் செலவே பெரும் தடை. 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாயோடு சிறையில் வாழும் குழந்தைக்கு ஆறு வயதை எல்லையாக வைத்தது. அதன்பின் குழந்தை தாய் விரும்பும் ஒருவரிடமோ இல்லத்திலோ, இயன்றவரை அதே ஊரில் வளர வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாயைக் காண வேண்டும். சிறை ஓர் ஊரிலும் உறவு வேறு மாவட்டத்திலும் இருக்கும் பெண்ணுக்கு, அதே ஊர் என்றால் பெரும்பாலும் இல்லம்தான்.