கன்னுக்குட்டிக்குப் போடுற ஊசி, நமக்கும் சேர்த்துத்தான்! கன்று வீச்சு தடுப்பூசி: ஏன், எப்போ, யாருக்கு?

ஊர்ல அம்மாச்சி வீட்லயோ சித்தப்பா வீட்லயோ மாடு இருக்கா? அப்போ இது உங்களுக்கான கட்டுரை. 'எங்க வீட்ல பாக்கெட் பால்தான்'னு சொல்றவங்களும் இருங்க, உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

ஏழு, எட்டு மாதச் சினையில் இருக்கும் மாடு திடீரென்று கன்று வீசிவிடும். நஞ்சுக்கொடியும் சரியாக விழாது. 'கண்ணு பட்டுடுச்சு', 'வெயில் தாங்கல', 'பக்கத்து மாடு முட்டிடுச்சு' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சந்தேகப்பட வேண்டிய முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதன் பெயர் புரூசெல்லா, ஒரு பாக்டீரியா. அது உண்டாக்கும் நோய் புரூசெல்லோசிஸ். கால்நடைத் துறையின் நோட்டீஸ்களில் கன்று வீச்சு நோய், கருச்சிதைவு நோய் என்று போட்டிருப்பார்கள்.

வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அப்போது வழியும் நீர் எல்லாவற்றிலும் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் போடுபவருக்கு, கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். காய்ச்சாத பால் இன்னொரு வழி. மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு காய்ச்சல், ராத்திரியில் உடம்பு நனையும் அளவுக்கு வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, விடாத அசதி. ஆண்களுக்கு விதைப்பை வீக்கம்கூட வரலாம். டைபாய்டு, காசநோய் என்று மாற்றி நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம், ஆனால் மூணு நாள் மாத்திரையில் முடியாது. பொதுவாக இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்த்து ஆறு வாரம்.

சரி, நமக்கே ஒரு ஊசி போட்டுக்கலாமே? இங்கேதான் சிக்கல். அப்படி ஓர் ஊசி நம் மருத்துவமனைகளில் கிடையாது. சோவியத் யூனியனிலும் சீனாவிலும் ஆபத்தான வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார்கள். பக்கவிளைவுகள் காரணமாக அது உலகம் முழுக்கப் பரவவில்லை. ஆக, மனிதரைக் காப்பாற்ற மாட்டுக்குத்தான் ஊசி போட்டாக வேண்டும்.

ஒரு வருஷம் மறந்து கிடந்த கிருமி

மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் புரியாத காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். புரூசெல்லா என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-ல் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சாமிட், அது ஆட்டுப் பாலில் வருவதைக் காட்டினார். அடுத்த வருஷமே படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

தடுப்பூசியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆய்வகத்தில் சாதாரண அறை வெப்பத்திலேயே ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. திரும்ப எடுத்துப் பார்த்தால், அதன் வீரியம் குறைந்து போயிருந்தது. நோய் உண்டாக்கும் சக்தி கம்மி, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் வேலை மட்டும் அப்படியே. அதுதான் எஸ்-19. இன்றைக்கும் இந்தியாவில் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது இதே எஸ்-19 தடுப்பூசிதான். ஆடுகளுக்கு ரெவ்-1 என்று தனி ஊசி உண்டு.

நாலு டு எட்டு... மிஸ் பண்ணாதீங்க

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. காளைக் கன்றுக்குக் கிடையாது. போட்டால் அதன் விதைகளில் கிருமி தங்கிவிடலாம்.

ஏன் எட்டு மாதம் தாண்டக்கூடாது? எஸ்-19 உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்றை வீச வைக்கலாம், பாலிலும் கிருமி வரலாம். இன்னொரு காரணமும் உண்டு. வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி நீண்ட நாள் நிற்கும். பிறகு டெஸ்ட் எடுத்தால், பாசிட்டிவ் வந்தது நோயாலா, ஊசியாலா என்று பிரிக்க முடியாது.

இந்தப் பிரச்னைக்காகவே ஆர்பி-51 என்ற ஊசி அமெரிக்காவில் 1996-ல் வந்தது. டெஸ்ட்டைக் குழப்பாது. ஆனால், அந்தக் கிருமிக்கு ரிஃபாம்பிசின் கேட்காது. மனிதருக்கு இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று! 2017-ல் டெக்சாஸில் காய்ச்சாத பால் குடித்த ஒருவருக்கு இந்தத் தடுப்பூசிக் கிருமியே நோயாக வந்தது. 'பச்சைப் பால்தான் ஒரிஜினல் சத்து' என்று ரீல்ஸ் பார்த்து மயங்குபவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். பால் பொங்கக் காய்ச்சினாலே புரூசெல்லா செத்துவிடும். பாக்கெட் பால் பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டே வருகிறது. இந்த விஷயத்தில் நம்ம வீட்டுப் பழக்கம் சூப்பர்.

ஊசி போடும் கால்நடை மருத்துவருக்கும் ஆபத்து உண்டு. கன்று துள்ளி, ஊசி அவர் கையில் குத்திவிட்டாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ நோய் வரலாம். அதனால்தான் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வருகிறார். கிண்டல் பண்ணாமல் கன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொடுங்கள். சீனாவின் லான்ஜோ நகரில் 2019-ல் கால்நடைகளுக்கான புரூசெல்லா தடுப்பூசி தயாரித்த ஆலையில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால் கிருமி காற்றில் கலந்து, 10,000 பேருக்கு மேல் பாசிட்டிவ் ஆனது.

எஸ்-19 நூறு சதவிகிதக் கவசமும் இல்லை. ஏறக்குறைய 65 முதல் 75 சதவிகித மாடுகளைக் காக்கும் என்பதே பரவலான கணக்கு. ஆனாலும் நமக்கு வேறு வழி குறைவு. பல நாடுகளில் பாசிட்டிவ் மாட்டைக் கொன்று நோயை ஒழித்தார்கள். இங்கே சட்டமும் மனசும் அதற்கு இடம் தராது. நடப்பது என்ன? கன்று வீசிய மாட்டைச் சத்தமில்லாமல் சந்தையில் தள்ளிவிடுவார்கள். நோய் அடுத்த ஊர்த் தொழுவத்துக்குப் போகும். நொந்துபோன விவசாயியைக் குறை சொல்லத் தோன்றவில்லை, ஆனால் வாங்குபவரும் விவசாயிதானே?

கோமாரியையும் இந்த நோயையும் கட்டுப்படுத்த மத்திய அரசு 2019 செப்டம்பரில் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கியது 13,343 கோடி ரூபாய். ஊசி இலவசம். 'அதான் கோமாரி ஊசி போட்டாச்சே' என்று வீட்டில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. கிடேரிக் கன்று பிறந்த அன்றே உங்க போனில் நாலாவது மாதத்துக்கு ஒரு ரிமைண்டர் வையுங்கள். ஊசி போட்டதும், காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புதுசா மாடு வாங்கினால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியாகக் கட்டுவது நல்லது.

மாடு கன்று வீசிவிட்டதா? கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த சில வாரங்களிலோ, ஏன், சில மாதங்கள் கழித்தோகூட வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டு காய்ச்சல் வந்தால், டாக்டரிடம், 'எங்க மாடு கன்று வீசுச்சு, நான்தான் சுத்தம் பண்ணேன்' என்று சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.